மச்சான் தயிருக்கு வைத்த பரீட்சை

தயிருக்குள் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் திருச்சியிலேயே முதன்முதலில் படித்தவன் நான்தான்.

பொய். படித்தவள் என் அக்கா மகள். நான் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வாழைக்காய் பஜ்ஜி தின்றுகொண்டு, "எங்க, எங்க, காட்டு" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எண்ணெய்க் கை லேப்டாப்பில் பட்டுவிடும் என்று ஸ்டூலைக்கூட அவள் தள்ளித்தான் போட்டிருந்தாள். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதிலும் பாதி பொய். பள்ளிக்கூடம்தான் என்னை விட்டது.

இப்படிப்பட்டவன் பாக்டீரியா, மரபணு என்று எதற்கு அலைந்தேன்? அறிவுத் தாகமெல்லாம் ஒன்றுமில்லை. பழி வாங்கத்தான். என் மனைவியின் அண்ணன் தில்லை நகரில் ஒரு சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறான். வாசலில் பெரிய போர்டு: 'ஸ்ரீரங்கத்தில் சாப்பிட்ட அதே தயிர்.' அந்த போர்டு இறங்க வேண்டும். அது இறங்குவதை நான் எதிர்ப்பக்கம் நின்று பார்க்க வேண்டும். முடிந்தால் கையில் ஒரு டீயோடு.

'ஸ்ரீரங்கத்தில் சாப்பிட்ட' என்றால் என் மெஸ்ஸில் சாப்பிட்ட என்று அர்த்தம். ராஜகோபுரத்துக்குப் பக்கத்துச் சந்தில், எங்கள் வீட்டு முன்பக்கத்திலேயே இருக்கிறது. சாப்பாடு சுமார்தான். சாம்பாரை என் மனைவியே ஊற்றிக்கொள்ள மாட்டாள். ஆனால் தயிர்! கரண்டியைக் குத்தி வைத்தால் நிற்கும். புளிக்காது, நூல் விடாது. தரிசனம் முடித்து வருகிற ஜனம் தயிர்ச் சாதத்துக்காகவே சந்துக்குள் திரும்பும். மெஸ் ஆரம்பித்த அன்று பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி உறை வாங்கினோம். அந்த வீட்டை இடித்து லாட்ஜ் கட்டிவிட்டார்கள். உறை மட்டும் எங்கள் பாத்திரத்தில் பிழைத்துக் கிடக்கிறது. இன்றைய தயிரில் ஒரு கரண்டி நாளைய பாலுக்கு. ஒரு நாள் விட்டதில்லை.

அந்தக் கரண்டியைப் பிடித்தவன் மச்சான்தான். ஆரம்பத்திலிருந்தே என்னோடு இருந்தவன். பால் சூட்டை விரலாலேயே பார்த்துவிடுவான். நான் கல்லாவில் உட்கார்ந்து பேசுவேன், அவன் உள்ளே வேலை பார்ப்பான். நல்ல ஏற்பாடு. குறைந்தபட்சம் எனக்கு.

வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள் துவாதசி. முந்தின நாள் பூராவும் பட்டினி கிடந்து, கண் விழித்து, கூட்டத்தில் நசுங்கி வந்த ஜனம் விடிந்ததும் சாப்பிட வரும். வருஷத்திலேயே பெரிய நாள். அன்றைக்கு நான் எழுந்து வந்து பார்த்தால் சந்து முனை வரை வரிசை. உள்ளே அடுப்பு பற்ற வைக்கவில்லை. ஆணியில் மச்சானின் துண்டு மட்டும் தொங்கியது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. போய்விட்டான். அன்று நானே உப்புமா கிண்டினேன். விரதம் இருந்தவர்கள் அதைச் சாப்பிட்டுவிட்டு இன்னொரு நாள் விரதம் இருந்திருக்கலாமே என்று நினைத்திருப்பார்கள். அவர்கள் மன்னித்திருப்பார்கள். நான் மன்னிக்கவில்லை.

கொஞ்ச நாளில் போர்டு வந்தது. "உங்க மச்சான் கடையிலயும் இதே டேஸ்ட்டுதாங்க" என்று என் கடையில் என் தயிரைத் தின்றுகொண்டே என்னிடம் சொன்னார்கள். வயிறு எரிந்தது. அவன் பெயர் நட்சத்திரம் சொல்லி ஒரு அர்ச்சனைக்குக்கூடக் கொடுத்தேன்.

"என்ன பிரார்த்தனைன்னு சொல்லுங்கோ" என்றார் பட்டர்.

"அது பெருமாளுக்குத் தெரியுங்க."

"நல்லதாத்தானே இருக்கும்?"

"எனக்கு நல்லதுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் துளசியைக் கொஞ்சமாகக் கொடுத்தார். பெருமாளும் அந்தப் பக்கம் ஒன்றும் செய்யவில்லை. மச்சான் கடையில் ஏசி போட்டான்.

அந்த நேரத்தில்தான் அக்கா மகள் வந்தாள். இங்கேதான் ஒரு காலேஜில் பயோ இன்ஃபர்மேட்டிக்ஸ் கடைசி வருஷம். ப்ராஜெக்ட்டுக்கு இட்லி மாவு, தயிர் எல்லாம் வேண்டுமாம்.

"தயிர் அதுவா உறையுறது இல்ல மாமா. கண்ணுக்குத் தெரியாத ஆளுங்க உள்ள இருந்து வேலை பாக்குறாங்க."

"சொல்லாம கொள்ளாம ஓட மாட்டாங்களே?"

"மாமா, கேளுங்க. ஒவ்வொருத்தர் உள்ளயும் நீளமா ஒரு எழுத்து வரிசை இருக்கு. நாலே எழுத்துதான். ஏ, சி, ஜி, டி. அதே நாலுதான் மாறி மாறி வரும்."

"இருநூத்துச் சொச்சம் எழுத்தை வெச்சு என்னைப் பெயிலாக்கினாங்களே பாவிங்க. நாலுன்னு சொல்லியிருந்தா நானும் காலேஜ் போயிருப்பேன்."

அவள் சிரிக்கவில்லை. எல்லா பாக்டீரியாவிடமும் பொதுவாக ஒரு மரபணு உண்டாம். அதில் பெரும்பகுதி எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கும். சில இடங்களில் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். அந்த மாறுகிற இடங்களைப் படித்தால் உள்ளே யார் யார் குடியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாமாம்.

எனக்குள் பல்பு எரிந்தது. நல்ல வெளிச்சமில்லை, கெட்ட வெளிச்சம்.

"அப்ப என் தயிர்ல இருக்குறவன் இன்னொரு கடைத் தயிர்ல உக்காந்திருந்தா தெரியுமா?"

"தெரிய வாய்ப்பு இருக்கு. ஏன் மாமா?"

"சும்மா. அறிவை வளத்துக்கலாம்னுதான்."

முதலில் என் தயிர் போனது. காலேஜில் அதிலிருந்து அந்த மரபணுவைப் பிரித்து எங்கேயோ அனுப்பி, எழுத்துகள் மெயிலில் வந்தன. லேப்டாப்பைத் திறந்தாள். நான் போட்டோ வரும் என்று நினைத்தேன். தயிருக்குள் இருக்கிறவன் முகத்தைப் பார்க்கலாம், மீசை இருக்கிறதா என்று பார்க்கலாம் என்று சட்டையெல்லாம் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தது வெறும் எழுத்து. பக்கம் பக்கமாக, புள்ளி இல்லை, காற்புள்ளி இல்லை, மூச்சு விட இடமில்லை. என் மனைவி கோபத்தில் பேசுவது மாதிரி.

"இதை அப்படியே படிச்சா ஒண்ணும் புரியாது மாமா. இன்னொண்ணோட சேத்து வெச்சுப் படிக்கணும்."

உலகம் பூராவும் படித்த எழுத்து வரிசைகளை ஒரு இடத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்களாம். நம் வரிசையை அங்கே போட்டால், அதற்கு நெருக்கமானவற்றை அது தேடிக் கொண்டுவந்து காட்டும். மேலே ஒரு வரி, கீழே ஒரு வரி. எழுத்து பொருந்துகிற இடத்தில் நடுவே சின்னக் கோடு. பொருந்தினால் மார்க் கூடும். வேறு எழுத்தாக இருந்தால் குறையும். ஒரு எழுத்து விட்டுப் போயிருந்தால் அங்கே இடம் விட்டு மேலே போகும். அதற்கும் மார்க் குறையும்.

இது எனக்கு உடனே புரிந்துவிட்டது. கோயில் கோஷ்டியில் சேர்ந்து பாசுரம் சேவிப்பவர்களை விடிகாலையில் கேட்டிருக்கிறேன். ஒருத்தர் இருமிக்கொண்டு ஒரு சொல்லை விட்டுவிட்டால் பாட்டு நின்றுவிடாது. அந்த இடத்தை விட்டுவிட்டு அடுத்த சொல்லில் சரியாக வந்து ஒட்டிக்கொள்வார். கேட்கிறவனுக்கு ரெண்டு பேரும் ஒரே பாட்டைத்தான் சொல்கிறார்கள் என்று தெரிந்துவிடும். இதைச் சொன்னேன்.

"பரவாயில்ல மாமா, இது எங்க சாருக்கே தோணல" என்றாள். அன்று முழுக்கக் கல்லாவில் நான் சாய்ந்துதான் உட்கார்ந்திருந்தேன்.

"தற்செயலாக் கூட கொஞ்சம் பொருந்தும், அதை நம்பக் கூடாது" என்றும் சொன்னாள். "நீளமாப் பொருந்தணும். இவ்வளவு பொருத்தம் சும்மா அமைய எவ்வளவு வாய்ப்புன்னு அதுவே ஒரு கணக்குப் போட்டுக் காட்டும். அது எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது."

என் தயிரில் பழக்கமான ஆட்கள் சிலர் இருந்தார்கள். கூடவே ஒரு விசித்திரமானவன். உலகச் சேமிப்பில் அவனுக்கு நெருக்கமான சொந்தக்காரன் இருந்தான். ஆனால் அச்சாக அவனே இல்லை. சில எழுத்துகள் மாறி நின்றன. "இவனை இதுவரைக்கும் யாரும் போட்டு வைக்கல போல" என்றாள். எனக்குப் புல்லரித்தது. ஊரில் யாருமே கண்டுகொள்ளாத ஒருத்தன் என் பாத்திரத்தில் உட்கார்ந்து என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறான். அவன் மட்டும் மச்சான் தயிரில் இருக்கட்டும், போர்டோடு மச்சானையும் இறக்குகிறேன் என்று அங்கேயே சபதம் போட்டேன்.

"ஏங்க!" என்று மனைவி அடுப்படியிலிருந்து இப்போது கூப்பிடுகிறாள். எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். கூப்பிடட்டும்.

மச்சான் தயிரை வாங்கி வர நானே கிளம்பினேன். வெயிலில் மங்கி குல்லா, வாயில் மாஸ்க், கண்ணில் மனைவியின் கூலிங் கிளாஸ். ஒருத்தனுக்கும் தெரியாது என்று நம்பிக் கவுன்டரில் போய்க் குரலை மாற்றி, "தயிர் ஒரு பார்சல்" என்றேன்.

"என்ன மாப்ள, ஒடம்பு சரியில்லையா?" என்றான் மச்சான்.

"நான் மாப்ள இல்லைங்க."

"சரிங்க. மாவடு தனியாக் கட்டியிருக்கேன் மாப்ள. தங்கச்சிக்குப் பிடிக்கும்."

திட்டியிருந்தால் திரும்பத் திட்டலாம். மாவடு கட்டிக் கொடுத்தவனை என்ன செய்வது? அதற்கும் சேர்த்து எரிந்தது.

பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்து ஊர்ந்து ஸ்ரீரங்கம் வருவதற்குள் பார்சல் சூடேறிவிட்டது. அக்கா மகள் மறுநாள் காலையில்தான் வருவாள். அதற்குள் புளித்து நாறிவிட்டால்? சாட்சியைப் பாதுகாக்க வேண்டுமே. இந்த ஊரில் தயிர்ச் சாதம் கட்டிக்கொண்டு ரயில் ஏறுகிற எவரும் செய்வதைத்தான் செய்தேன். ஒரு கரண்டி பால் விட்டுக் கலக்கி மூடி வைத்தேன். பால் விட்டால் புளிப்பு ஏறாது. விஞ்ஞானம்.

முடிவு வந்த அன்று அக்கா மகள் திரையைத் தட்டினாள். "இருக்கான் மாமா. உங்க ஆளு இருக்கான்."

மேல் வரி, கீழ் வரி. ஆரம்பத்திலிருந்து கடைசி வரை சின்னக் கோடுகள், ஒரு இடம் விடாமல். எனக்கு ஏ எது சி எது என்றே தெரியாது, ஆனால் கோடு தெரியும். சந்தில் இறங்கி ஆடவில்லை, அவ்வளவுதான். அந்தப் பக்கத்தை அச்செடுத்து லேமினேட் செய்யச் சொன்னேன்.

அவள் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். "மாமா, ஒண்ணு இடிக்குதே. உங்க ஆளு இருக்கான், ஆனா கொஞ்சமா இருக்கான். மத்ததெல்லாம் வேற கூட்டமா இருக்கு. பார்சலை எப்படிக் கொண்டாந்தீங்க?"

பெருமையாகச் சொன்னேன். பால் விட்டதையும் சொன்னேன்.

"எந்தப் பால்?"

"அடுப்படிப் பால்தான். காய்ச்சி ஆற வெச்சது."

"எந்தக் கரண்டி?"

"தயிர் சட்டியில கெடக்குமே, அதே…"

அவள் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டாள். என் ஆளை நானே கரண்டியில் ஏற்றி மச்சான் பார்சலுக்குள் இறக்கிவிட்டு, அங்கே அவனைக் கண்டுபிடித்துக் கொண்டாடியிருக்கிறேன்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லல மாமா. நீங்க போட்டதைத்தான் அது சொல்லுச்சு."

இரண்டாம் தடவை அவளே லேபில் கொடுத்த சுத்தமான குப்பியோடு தில்லை நகர் போனாள். அதைத் தொடக்கூட எனக்கு அனுமதியில்லை. முடிவு வந்தது. என் ஆள் இல்லை. தேடித் தேடிப் பார்த்தாள், இல்லவே இல்லை.

"பொட்டலத்துல விக்குற தயிர்ப் பொடியில பொதுவா இருக்குற ரெண்டு பேருதான் நெறைய இருக்காங்க. ஆனா பொடிதான் போட்டார்னு நான் எழுத மாட்டேன். இந்தக் குப்பியில உங்க ஆளு தெரியல. அவ்வளவுதான் சொல்லுவேன்."

அன்று சோறு இறங்கவில்லை. திருடியிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். திருடத் தகுதியில்லாத தயிரா என்னுடையது? இத்தனை நாள் நான் எரிந்தது ஒரு பொட்டலத்துக்காகவா? பக்கத்தில் மனைவி அந்த மாவடுவைக் கடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம்வேறு.

பிறகு மெதுவாகத்தான் உறைத்தது. என் மூளையும் பால் மாதிரி, உறைய நேரமாகும். போர்டில் என்ன எழுதியிருக்கிறது? 'அதே தயிர்.' இது அதே தயிர் இல்லையே! இருந்திருந்தால் போர்டு உண்மை. இல்லாததால் போர்டு பொய். இத்தனை நாள் எதை நிரூபிக்கத் துடித்தேனோ அது மச்சானுக்குச் சாதகம். பெருமாளே, சும்மா இருந்து காப்பாற்றினாயே என்று கும்பிட்டேன்.

நேற்று மதியம் கடை நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து, மாஸ்க் குல்லா இல்லாமல், லேமினேட் செய்த புது அட்டையோடு மச்சான் கடைக்குள் நுழைந்தேன். பக்கத்து கிளினிக் டாக்டர் ஒருத்தர் தயிர்ச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அட்டையை அவர் இலைக்கு மேல் நீட்டினேன்.

"படிச்சுப் பாருங்க சார். இது ஸ்ரீரங்கத்துத் தயிரே இல்ல."

அவர் இடது கையால் வாங்கி மேலும் கீழும் பார்த்தார். "சாப்பிட்டா ஏதாவது பண்ணுமா?"

"பண்ணாதுங்க."

"அப்ப சரி." அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இன்னொரு கரண்டி கேட்டார்.

ஆனால் மச்சான் முகம் விழுந்துவிட்டது. என் முழங்கையைப் பிடித்து அடுப்படிக்குள் கூட்டிப் போனான்.

"மாப்ள, அன்னைக்குக் கெளம்பறப்ப ஒரு சம்படத்துல உறை எடுத்துட்டுதான் வந்தேன்."

"எடுத்தியா?"

"எடுத்தேன். சித்திரை வரைக்கும் ஓடுச்சு. அப்புறம் ஃப்ரிட்ஜ் ரிப்பேராகி, கடையப் பூட்டிட்டு ரெண்டு நாள் முசிறிக்குக் கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து பாத்தா… பச்சையாப் பூத்துக் கெடந்துச்சு. செத்துப் போச்சு மாப்ள. அதுலேருந்து பொடிதான்."

திருடியது தெரிந்ததும் எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகவே இருந்தது. அடுத்த நிமிஷம் ரத்தம் கொதித்தது. உலகத்தில் யாரிடமும் இல்லாதவனை எடுத்துக்கொண்டு வந்து, கல்யாணச் சாப்பாட்டுக்காகச் சாகவிட்டிருக்கிறான்.

"சொல்லிட்டுப் போயிருந்தா நானே குடுத்திருப்பேனேடா!" இதுவும் பொய். கொடுத்திருக்க மாட்டேன்.

"சொன்னா விட்டிருப்பியா மாப்ள? கல்லாவ விட்டு எந்திரிச்சு ஒரு தடவ அடுப்படிப் பக்கம் வந்திருக்கியா நீ?"

மொத்தக் கடைக்கும் கேட்கட்டும் என்று, பஸ்ஸில் வரும்போதே ஒத்திகை பார்த்து வைத்திருந்ததைக் கத்தினேன். "ஒண்ணு போர்டை எறக்கு! இல்ல, போர்டுல போட்டிருக்கிறதை உண்மையாக்கு!"

என்ன ஒரு வசனம் என்று எனக்கே உடம்பு சிலிர்த்தது. விறுவிறுவென்று வெளியே வந்து, ஆட்டோகூடப் பிடிக்காமல் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். பஸ் ஏறிப் பாலம் தாண்டும்போதுதான் அந்த இரண்டாவது பாதி மனசில் திரும்ப ஓடியது. உண்மையாக்கு. எப்படி ஆக்குவான்? ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. அது என் அடுப்படியில் இருக்கிறது. வாயை வாடகைக்கு விட்டவன்கூட இப்படிப் பேசியிருக்க மாட்டான்.

இன்று சாயங்காலம் வந்துவிட்டான். எவர்சில்வர் தூக்குவாளி, நன்றாக வெந்நீர் விட்டுக் கழுவியது. மெஸ் வாசலில் நிற்கிறான். ஒரு கரண்டி உறை வேண்டுமாம். கொடுத்தால் போர்டு உண்மையாகிவிடும், ஜென்மத்துக்கும் இறங்காது. இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்ல மனைவி விட மாட்டாள். அதனால்தான் உள் அறையில் உட்கார்ந்து இதை எழுத ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் விளக்கு வைத்த பிறகு தயிர், உறை எதையும் வெளியே கொடுக்கிற வழக்கமில்லை. இன்னும் கொஞ்ச நேரம் இழுத்தால் போதும். விளக்கு ஏறிவிடும். "நான் குடுத்திருப்பேன் மச்சான், சாஸ்திரம் விடல" என்று வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு அனுப்பிவிடலாம். நாளைக்கு வந்தால் நாளைக்கும் ஏதாவது எழுதுவேன். எழுத விஷயமா இல்லை? அந்த நாலு எழுத்தைப் பற்றி நான் இன்னும் சொல்லவே இல்லாத ஒரு சங்கதி, பாக்டீரியா ரெண்டாகப் பிரிவதற்காக ஒவ்வொரு தடவை அதைப் பார்த்துப் பார்த்து எழுதும்போதும் எங்கேயாவது ஒரு எழுத்து தப்பாக விழுமாம், அப்படித் தப்பு விழுந்து விழுந்துதான் என் ஆளே உலகத்தில் யாரைப் போலவும் இல்லாமல் ஆகியிருப்பான் என்று அக்கா மகள்

"ஏங்க! அண்ணன் எவ்வளவு நேரமா வாளியோட நிக்குது! நீங்க எந்திரிச்சு வந்து ஒறை ஊத்துற வரைக்கும் இன்னைக்கு இந்த வீட்டுல வெளக்கு ஏறாது, சொல்லிட்டேன்!"

வரேன் என்று சொல்லிவிட்டேன். தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நிலைப்படியிலேயே நிற்கிறாள். அடுப்படியில் இரண்டு சட்டி இருக்கிறது. ஒன்றில் என் ஆள். இன்னொன்றில், அந்தப் பொட்டலத் தயிர் எப்படித்தான் இருக்கும் பார்ப்போமே என்று நேற்று நானே பொடி வாங்கிப் போட்டு உறைய வைத்தது. இருட்டில் இரண்டும் ஒன்றுபோல்தான் இருக்கும். கரண்டி ஒன்றுதான். போகிறேன், சட்டிக்கு வெளிச்சம் காட்டத் தீக்குச்சி உரசப் போகிறாள்